வெளிநாட்டுத் தன்னார்வலராக விண்ணப்பிக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் நெல் சாகுபடித் திட்டத்தில் 14 மாதங்கள் தன்னார்வலராக இருந்துவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பிய நாளிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேருந்து நிறுத்தத்திலும் என்னிடம் ஒரே சந்தேகங்களைப் பலர் கேட்டு வருகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் வழி எல்லா வீடுகளுக்கும் தெரியும்; தன்னார்வலராகப் போகும் வழி அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் கேட்டவர்களின் கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தன்னார்வலர் என்றால் சம்பளமே இல்லாமல் வேலை செய்ய வேண்டுமா?

சம்பளம் கிடையாது, ஆனால் கைக்காசைச் செலவழிக்க வேண்டும் என்பதும் இல்லை. முறையான அமைப்புகளில் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் போதுமான மாதாந்திர வாழ்க்கைப்படி, போக்குவரத்துச் செலவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அமைப்பே ஏற்றுக்கொள்ளும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் இவற்றோடு மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பும் உண்டு.

அந்தப் படியில் சிக்கனமாக இருந்தால் சிறிது மிச்சமாகலாம். வீட்டுக் கடனை அடைக்கவோ, தங்கைக்கு நகை சேர்க்கவோ அது போதாது. அந்தத் தேவை உள்ளவர்கள் வேலைக்குப் போவதே நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. அதற்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது.

இந்தியர்கள் எந்தெந்த அமைப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம்?

முதலில், விண்ணப்பிக்க முடியாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும். ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி முகமையான ஜைக்காவின் தன்னார்வலர் திட்டம் ஜப்பானியருக்கானது. இவற்றில் இடம் வாங்கித் தருவதாக யாரேனும் சொன்னால், அவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

நமக்குத் திறந்திருப்பவற்றில் பெரியது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். ஐ.நா. பொதுச்சபை 1970-இல் இதை உருவாக்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. இதன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, நம் விவரங்களைப் பதிந்து, வெளியாகும் பணியிடங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். சில பணியிடங்களுக்கான செலவை ஏதாவது ஒரு நாட்டு அரசு ஏற்றிருக்கும். அவற்றில் அந்த நாட்டவரை மட்டுமே எடுப்பார்கள். எனவே அறிவிப்பில் குடியுரிமை பற்றி எழுதியிருப்பதை முதலில் படித்துவிடுங்கள். மருத்துவர், செவிலியர், தண்ணீர் மற்றும் கழிப்பிட வசதிப் பொறியாளர், கணக்காளர் ஆகியோர் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் டெல்லி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அங்கே குறைந்தது 2 ஆண்டுப் பணி அனுபவம் கேட்பது வழக்கம். ஜெர்மன் மொழி கற்கத் தயாராக உள்ள இளைஞர்களுக்கு அந்த நாட்டின் தன்னார்வச் சேவை ஆண்டுத் திட்டங்களும் உண்டு. அவற்றில் முதியோர் இல்லம், மருத்துவமனை போன்ற இடங்களில் பணி, கைச்செலவுக்குப் பணம், காப்பீடு ஆகியவை அமையும்.

எனக்கு 23 வயது, என் அப்பாவுக்கு 58. நாங்கள் இருவருமே விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் வெவ்வேறு பிரிவுகளில். ஐ.நா. திட்டத்தில் 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. அதில் அனுபவம் இல்லாதவர்களும் சேரலாம். 27 வயது முதல், குறைந்தது 3 ஆண்டு அனுபவத்தோடு வல்லுநர் பிரிவு. 35 வயது முதல், 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மூத்த வல்லுநர் பிரிவு. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் தங்களுக்கு இடம் இருக்காது என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களிடம் இருக்கும் அனுபவத்தைத்தான் அந்த மூன்றாவது பிரிவு கேட்கிறது.

எனக்கு வயல் வேலைதான் தெரியும், அண்ணே. ஐ.நா. எல்லாம் கோட்டு போட்டவர்களுக்குத்தானே?

இல்லை, தம்பி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: வல்லுநர் பணியிடங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பட்டமோ தொழில்நுட்பப் பட்டயமோ கேட்பார்கள். வேளாண்மைப் பட்டயம் முடித்து, அதோடு சொந்த வயலில் இறங்கி வேலை செய்தவருக்கு இரண்டும் சேர்ந்து பலமாகின்றன. பட்டயம் இல்லாதவர்கள், தொலைநிலைக் கல்வியிலாவது ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

நம் வயல் அறிவுக்கு வெளியே என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒற்றை நாற்று நடவையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். செம்மை நெல் சாகுபடி என்று நாம் சொல்லும் இந்த முறை 1980-களில் மடகாஸ்கரில், ஆன்ரி தெ லோலனியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அங்கிருந்து பல நாடுகளைச் சுற்றி டெல்டாவுக்கும் வந்தது. நான் பணியாற்றிய ஊரில் அந்த முறையைக் காகிதத்தில் படித்தவர்கள் இருந்தார்கள். 14 நாள் நாற்றை எப்படிப் பிடுங்குவது என்று கை அறிந்தவர்கள் இல்லை. வேரில் மண்ணும் விதையும் ஒட்டியிருக்கும்படி நாற்றைத் தட்டிலிருந்து எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, வேர் மேல்நோக்கி மடங்காமல் சேற்றில் மேலாக வைத்துக் கையை எடுக்க வேண்டும். அதை நான் செய்து காட்டிய அந்தக் காலை நேரத்துக்குப் பிறகுதான் அங்கிருந்த பெண்கள் என்னை நம்பத் தொடங்கினார்கள்.

அதேபோல, மேட்டூர் திறந்த பின்பு முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக் கடைமடை வரை கொண்டு சேர்த்த அனுபவம், மற்ற நாடுகளில் நீர்ப்பங்கீட்டுத் திட்டங்களில் நேரடியாகப் பயன்படக்கூடியது. அதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏஜென்ட் 60,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

கட்டக் கூடாது. ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. ‘விசா வைப்புத்தொகை’, ‘கோப்புக் கட்டணம்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடிதான். அமைப்பின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வராமல் ஜிமெயிலில் வரும் பணி நியமனக் கடிதத்தையும் நம்ப வேண்டாம். நானே முதல் முயற்சியில் ஒருவரிடம் 40,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அவர் தந்த கடிதத்தில் அமைப்பின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

வேலைக்காகப் போகிறவர்கள் விஷயம் வேறு. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர், வேலைக்கு அனுப்புவதற்கு அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அவர் பெயர் அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ‘தன்னார்வப் பணி’ என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு அழைத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டார்கள். சந்தேகம் வந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலோ, அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலோ கேளுங்கள்.

விண்ணப்பத்தில் ‘சேவை மனப்பான்மை உள்ளவன்’ என்று எழுதினேன். போதாதா?

போதாது. அந்த வரியை எல்லோருமே எழுதுகிறார்கள். படிப்பவர் தேடுவது நீங்கள் எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு, எப்படிச் செய்தீர்கள் என்பதை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் தம் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். முதல் பத்தி முழுக்க ஆர்வம், அர்ப்பணிப்பு, மனிதநேயம் என்றே இருந்தது. “கஜா அடிச்சப்ப நீ எங்கேம்மா இருந்தே?” என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே புயல் கரையைக் கடந்தபோது அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்தார். மின்சாரம் போய்விட்டது. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்த பனிக்கட்டிப் பைகள் இளகத் தொடங்கின. விழுந்து கிடந்த தென்னை மரங்களைத் தாண்டி, மடியில் குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு, இருசக்கர வாகனத்தின் பின்னால் உட்கார்ந்து, ஜெனரேட்டர் ஓடிய ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இதில் ஒரு சொல்கூட விண்ணப்பத்தில் இல்லை.

இருவரும் உட்கார்ந்து அந்தப் பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: “புயலால் மின்சாரம் நின்ற 9 நாட்கள், எங்கள் நிலையத்தின் தடுப்பூசி மருந்துகளை வேறிடத்துக்கு மாற்றிக் குளிர்நிலை கெடாமல் பாதுகாத்தேன், நாளுக்கு இருமுறை வெப்பநிலையைப் பதிவேட்டில் குறித்தேன், ஒரு குப்பிகூட வீணாகவில்லை.” பிறகு அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றினோம். மேலே சொன்ன கடைமடை நீர்ப்பங்கீட்டையும் இப்படியே எழுதுங்கள்: எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், தகராறு வந்தபோது என்ன முறை வைத்தீர்கள். செய்யாததை எழுதாதீர்கள், உங்கள் மேலதிகாரியிடமோ தலைமையாசிரியரிடமோ அவர்கள் விசாரிப்பார்கள்.

மதிப்பெண் பட்டியலில் எஸ். ரமேஷ், பாஸ்போர்ட்டில் ரமேஷ் சுப்பிரமணியன். இரண்டும் ஒருவர்தான் என்று எப்படி நம்புவார்கள்?

தமிழர்களுக்கே உரிய தொல்லை இது, அதிகம் பேர் சிக்குவதும் இதில்தான். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை அப்படியே போட முடியாது; விரித்தெழுத வேண்டும். தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவது ஒரு வழி. சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே போட்டுவிடுகிறார்கள். வேறு சிலரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலா, வருகை விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் பகுதிக் குடும்பங்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். புதிதாக எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்தவர்கள் பதற வேண்டாம். விண்ணப்பம், காப்பீடு, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். சான்றிதழ்களில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலே மாறியிருந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுவெளியீடு செய்வதுதான் நிலையான தீர்வு. திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் உள்ள தஞ்சாவூர் சேவா மையத்திலேயே அதைச் செய்துகொள்ளலாம்.

இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் பேசுவேன். நேர்காணலில் என்ன செய்வது?

நேர்காணல் பெரும்பாலும் காணொலி வழியாக நடக்கும். இலக்கணப் பிழை வந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். கேள்வி புரியாமலேயே பதில் சொல்வதுதான் கெடுக்கும். “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதில் தவறில்லை. ‘உங்களுக்கும் உடன் பணியாற்றியவருக்கும் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்பது போன்ற கேள்விகளை எதிர்பார்த்து, சொந்த அனுபவத்தில் நான்கைந்து நிகழ்ச்சிகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தேவை அதிகம். அதற்கு விண்ணப்பிக்கும் இந்தியர்கள் குறைவு. காரைக்கால் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடக்கின்றன. ஓராண்டு உழைப்பு வீண்போகாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவார்கள்?

சென்னை கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு அவசியம். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

பத்தாவது முடிக்கவில்லை, பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கிறது. போக முடியுமா?

குடிபெயர்வு அனுமதி, அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்பதே அதன் பொருள். வேலைக்காக 18 நாடுகளுக்குப் போகும்போது மட்டும் அது தேவைப்படும். லெபனான், ஜோர்டான், ஏமன், தெற்கு சூடான் போன்ற, உதவிப் பணிகள் அதிகம் நடக்கும் நாடுகளும் அந்தப் பட்டியலில் இருப்பதால் தன்னார்வலர்களும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 50 வயது தாண்டியவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் விலக்குப் பெறலாம். வயது குறைவானவர்களுக்கு நான் சொல்வது, தனித்தேர்வராகப் பத்தாவதை எழுதித் தேறி, பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள் என்பதே. படிப்பு பற்றி மேலே சொன்ன காரணத்துக்கும் அது உதவும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டால் என்ன?

பல நாடுகளில் சம்பளம் இல்லாத பணியும் பணியே. தாய்லாந்தில் தன்னார்வலருக்கும் பணி அனுமதி தேவை. பிரிட்டனில் வருகை விசாவில் உள்ளவர், பதிவு பெற்ற அறநிறுவனத்தில் 30 நாட்கள் வரை மட்டும் உதவலாம். அதற்கு மேல் இருக்க அறப்பணியாளர் விசா வேண்டும். பிடிபட்டால் நாடு கடத்துவார்கள்; அந்தப் பதிவு அடுத்தடுத்த விசாக்களிலும் தொடரும். சரியான விசாவுக்குரிய கடிதத்தைத் தராத அமைப்பு உங்களுக்கு வேண்டாம்.

பணம் கட்டினால் இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இருக்கலாமாம். நல்ல காரியம்தானே?

கேட்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் போகாதீர்கள் என்றே சொல்கிறேன். கம்போடியாவில் இத்தகைய இல்லங்களை ஆராய்ந்தபோது அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வருகிறவர்கள் கட்டும் பணத்துக்காகவே ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து வைத்திருந்த இல்லங்களும் உண்டு.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி அமைக்கவும் காயத்துக்கு மருந்து போடவும் தெரிந்தவர்கள் வந்தது உதவியாக இருந்தது. குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நான்காம் நாள் போனவர்களும் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் அவர்களைத் தேடி அழுததை முகாம்களில் வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போகும் இடத்தில் நாம் எந்த வகையாக இருக்கப் போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா, சார்?

இதைக் கேட்பவர்கள் அநேகமாக அப்பாக்கள். என்னோடு பணியாற்றியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பாதுகாப்பு நாட்டையும் ஊரையும் அமைப்பையும் பொறுத்தது. ஆகவே பொதுவாகச் சரி என்றோ கூடாது என்றோ சொல்ல மாட்டேன். தங்குமிடம் யார் ஏற்பாடு செய்கிறார்கள், இரவில் போக்குவரத்துக்கு வாகனம் உண்டா, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் யார், தவறாக நடப்பவர் மீது புகார் செய்ய என்ன வழி ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்காமல் பதில் தரும் அமைப்புக்கு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அரசு வேலையில் இருக்கிறேன். விடுப்பு எடுத்துப் போகலாமா?

துறையின் முன் அனுமதி இல்லாமல் கூடாது. முதலில் எழுத்துப்பூர்வ அனுமதி, பிறகு விண்ணப்பம்.

வீட்டை விட்டு நகர முடியாத நிலை. இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். ஐ.நா.வின் இணையவழித் தன்னார்வப் பணியில் 18 வயது நிறைந்தவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, ஒரு பணிக்கு 12 வாரம் வரை மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுத் தொகுப்பு போன்றவற்றைச் செய்யலாம். இதில் வாழ்க்கைப்படி கிடையாது. பின்னாளில் வெளிநாட்டுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவத்தைச் சேர்த்துக் காட்டலாம்.

ஏழு பணிக்கு விண்ணப்பித்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னிடம் என்ன குறை?

பெரும்பாலும் குறை உங்களிடம் இல்லை. ஓர் இடத்துக்கு உலகெங்கிலுமிருந்து விண்ணப்பிக்கிறார்கள்; தேர்வாகாதவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் வருவது அரிது. ஏழுக்கும் ஒரே சுயவிவரத்தை அனுப்பியிருந்தால் மட்டும் திருத்துங்கள். அறிவிப்பில் அவர்கள் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, மேலே காட்டியபடி, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை வையுங்கள். வைக்க முடியாத தகுதிகள் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பணியை விட்டுவிடுங்கள். எனக்கு அழைப்பு வந்தது பதினோராவது விண்ணப்பத்துக்கு.

போன பிறகு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாதியில் திரும்பி வர முடியுமா?

முடியும். தன்னார்வலர் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் வழி உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க எந்த அமைப்புக்கும் உரிமை இல்லை. பிடித்து வைத்தால் உடனே தூதரகத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் பாதியில் விலகினால் திரும்பும் பயணச் செலவை யார் ஏற்பது, நெருங்கிய உறவினர் இறந்தால் விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்குமா என்பவை அமைப்புக்கு அமைப்பு மாறும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

என் தந்தை நான் போன ஆறாம் மாதம் இறந்தார். இரண்டு விமானம் மாறி, திருச்சியில் இறங்கி, மன்னார்குடி வந்து சேர்ந்தபோது இறுதிச் சடங்கு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் சடங்கை முடித்துவிட்டு, அம்மா சொன்னதன் பேரில் மீண்டும் போய் மீதி மாதங்களை முடித்தேன். அதனால், புறப்படும் முன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள்: அவசரத்துக்குத் திரும்பும் பயணச்சீட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனிக்கணக்கில் வையுங்கள், நீங்கள் வந்து சேரும் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதை வீட்டில் உட்கார்ந்து, அப்பா அம்மாவையும் வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்யுங்கள்.